சிவப்பில் யாரும் இல்லை

கடிதத்தில் மூன்றே வரிகள். உங்கள் குழந்தை ஆபத்தில் இருக்கிறது. உடனே புறப்பட்டு வரவும். வரும்போது இரண்டு புகைப்படங்கள் கொண்டுவரவும்.

மடிப்பக்கா முதல் வரியோடு நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாகப் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்து அந்தப் பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயருக்கு வேலையில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்கு ஆபத்து என்றால் என்னவென்று தெரியும். வந்து விழும் விரிப்பைப் பார்த்தே எந்த வார்டு, என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடுவாள். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், ரப்பர் செருப்பு சளசளக்க, பள்ளிக்கூடம் வரைக்கும் ஓடினாள்.

வாசலில் காவலாளி மறித்தார்.

“போட்டோ கொண்டாந்தீங்களா?”

“எம் பொண்ணுக்கு என்னங்க ஆச்சு?”

அவர் ஒரு தாளைப் பார்த்தார். “ஆபத்துன்னு போட்டிருக்கு. ஒன்பதாம் வகுப்பு. போட்டோ இல்லாம உள்ள விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வகுப்பின் ஜன்னல் வழியாகப் பார்த்தால், மகள் மூன்றாவது பெஞ்சில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு முழுசாக உட்கார்ந்திருந்தாள். கை இரண்டு, கால் இரண்டு, தலை ஒன்று. மடிப்பக்கா தாழ்வாரத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆபத்து எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தபோது பன்னிரண்டு வாரம் கடந்திருந்தது.

ஒருங்கிணைப்பாளர் அவளைத் தன் அறைக்கு அழைத்துப்போனார். பழைய கணக்கு வகுப்பறை அது. இப்போது வாசலில் ‘தாங்கும் கை திட்டம்’ என்று பலகை. கரும்பலகையின் முக்கால் பங்கை ஒரு பெரிய அட்டை மறைத்திருந்தது. அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகள். பட்டைகளில் பிள்ளைகளின் படங்கள். புகைப்படம் எதற்கென்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒன்று பலகைக்கு, ஒன்று கோப்புக்கு.

“உங்க பொண்ணு மஞ்சள்” என்றார் அவர், கனிவாக. “கணக்குல இருபத்தாறு. மத்த பாடமெல்லாம் நல்லாத்தான் பண்றா. ஆண்டுத் தேர்வுல கணக்கு போச்சுன்னா பத்தாவதுக்குப் போக முடியாது. அதான் ஆபத்து.”

“அவளுக்கு டைபாய்டு வந்து அஞ்சு வாரம் படுத்துட்டாங்க. அந்த அஞ்சு வாரத்துல நடத்தினது மட்டும்தான் தெரியல. யாராவது ஒரு நாலு நாள் சொல்லிக் குடுத்தா பிடிச்சுக்குவா. நீங்க கணக்கு வாத்தியார்தானே?”

“இருந்தேம்மா. முன்னாடி நான் வெறும் கணக்கு வாத்தியார். பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன், அவ்வளவுதான். இப்போ கணக்குல பின்தங்கின பிள்ளைங்க மொத்தப் பேரையும் நான்தான் பாத்துக்கறேன்.”

“அப்போ கணக்கு யாரு நடத்தறாங்க?”

“அந்த இடம் காலியா இருக்கு. ஆள் கேட்டு எழுதியிருக்கோம், அது வேற பிரிவு. ஆனா ஒண்ணு பாருங்க, போன வருஷம் பின்தங்கினவங்க பதினோரு பேரு. இந்த வருஷம் நாப்பத்தாறு. இந்தத் திட்டம் எவ்வளவு தேவைன்னு இதுலேர்ந்தே தெரியுது.”

பிறகு ஒரு படிவம். நாற்பது கேள்விகள். வீட்டில் குழந்தைக்கென்று அமைதியான தனியிடம் உண்டா? உண்டு, கட்டிலுக்கு அடியில். தந்தையின் ஈடுபாடு எப்படி? லாரியில் போனார், லாரி திரும்பி வந்துவிட்டது. குழந்தை கடைசியாக மனம்விட்டுச் சிரித்தது எப்போது? இன்று காலை, உங்கள் கடிதம் வருவதற்கு முன்பு. எல்லாவற்றையும் அவர் முகம் மாறாமல் எழுதிக்கொண்டார்.

அட்டை மறைக்காத கீழ்மூலையில் சாக்பீஸ் எழுத்து கொஞ்சம் தெரிந்தது. 5(x − 3) = 2x + 9. அதற்குக் கீழே 5x − 15 என்று மட்டும் இருந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

“இதுதாங்களா அவளுக்குத் தெரியாதது?”

“இதேதான். நடத்திட்டு இருக்கும்போது பியூன் வந்து உத்தரவைக் குடுத்தார். அன்னியிலேர்ந்து நான் ஒருங்கிணைப்பாளர். அப்படியே நின்னுபோச்சு.”

“அதை முடிச்சிருங்களேன்.”

அவர் கரும்பலகையைப் பார்த்தார். சாக்பீஸ் இருந்த பெட்டியையும் ஒரு கணம் பார்த்தார். “இப்போ அது என் வேலையில வராதும்மா” என்றார்.

மடிப்பக்கா அந்த ஒன்றேகால் வரியை, அவர் கொடுத்த பெற்றோர் கையேட்டின் பின்னட்டையில் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டாள். அவளுடைய படிப்பும் ஒன்பதாவதில்தான் நின்றது. சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அவளுடைய அம்மாவுக்கு இடுப்பு ஒடிந்தபோது, நாலு நாள் என்று சொல்லி, அங்கே விரிப்புகளை இஸ்திரி போடும் சூட்டு உருளைக்கு முன்னால் வந்து நின்றவள். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. தன் பெண் அந்த உருளைக்கு வரக்கூடாது என்பதுதான் வாழ்க்கையில் அவள் பிடித்த ஒரே பிடிவாதம்.

திட்டத்தின் விதி எளிமையானது. குழந்தைக்கு உதவி வேண்டுமென்றால் பெற்றோர் பங்கேற்க வேண்டும். புதன்தோறும் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, பன்னிரண்டு வாரம். இரண்டு முறை தவறினால் குழந்தையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வைக்க முடியாதா என்று கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாததால் அன்றைக்கு யாருக்கும் ஆபத்து இல்லை என்றார் ஒருங்கிணைப்பாளர்.

சலவைக்கூடத்து சூப்பர்வைசரிடம் இதைச் சொல்வதற்கு முன், சூட்டு உருளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆள் உயரத்துக்குக் கிடக்கும் பெரிய இரும்பு உருளை அது. ஈர விரிப்பின் ஒரு முனையை ஒருத்தியும் மறுமுனையை இன்னொருத்தியும் பிடித்து, இருவரும் ஒரே இழுப்பாக இழுத்து உள்ளே கொடுக்க வேண்டும். ஒருத்தி கூட இழுத்தால் துணி கோணிக்கொண்டு சிக்கும், சிக்கினால் கருகும். ஒற்றை ஆளாக அதில் கைக்குட்டைகூடப் போட முடியாது.

“நீ வாரம் ஒரு நாள் படிக்கப் போறியா?” என்றார் சூப்பர்வைசர். “போ. உன் இடத்துல ஆள் நிறுத்திட்டுப் போ. இல்லேன்னா நான் நிறுத்திக்கறேன்.”

ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொல்லிப் புலம்பினாள். வீட்டில் இன்னமும் பாப்பா என்று கூப்பிடப்படும் அந்தப் பதினாலு வயசுக்காரி, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் தீர்ப்புச் சொன்னாள்.

“நான் போய் நிக்கறேம்மா. புதன்கிழமை காலையில எங்களுக்குக் கணக்குதான். வாத்தியார்தான் உங்ககூட இருக்காரே.”

இந்த நியாயத்தில் ஓட்டை எதுவும் மடிப்பக்காவுக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்று பின்னால் நிறைய நாள் தன்னையே திட்டிக்கொண்டாள். பன்னிரண்டு புதன்தானே, பெண்ணுக்காகத்தானே என்று தலையை ஆட்டினாள்.

முதல் புதன், தலைமையாசிரியை ‘பெற்றோரின் நேரம் விலைமதிப்பற்றது’ என்ற தலைப்பில் பேசினார். பத்து மணிக்குப் பேச வேண்டியவர் பன்னிரண்டே காலுக்கு வந்தார். இரண்டாம் புதன், குழந்தைகளைப் பாராட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். எல்லோரும் சேர்ந்து மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. அது சரியாக வர ஒன்றரை மணிநேரம் பிடித்தது. மடிப்பக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பஸ் டிரைவர் உட்கார்ந்து நன்றாகத் தூங்கினார். அவருடைய பையனும் மஞ்சள். இங்கே வருவதற்காகப் புதன் காலை ஷிஃப்டுக்கே அவர் போகாததால் அவருடைய பஸ் ஓடவில்லை. பஸ் ஓடாததால் அந்த வழியில் வரும் பதிமூன்று பிள்ளைகள் புதன்தோறும் பள்ளிக்கு நேரம் கழித்து வந்தார்கள். நேரம் கழித்து வருவது ஆபத்தின் அறிகுறி என்று கையேட்டில் போட்டிருந்ததால், பதிமூன்று பேரும் மஞ்சள் ஆனார்கள். அவர்களுடைய பெற்றோருக்கும் கடிதம் போனது. அறையில் நாற்காலி போதாமல், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கிவந்து போட்டார்கள்.

“பெற்றோர் பங்கேற்பு ஒரே மாசத்துல இவ்வளவு கூடியிருக்கு” என்று ஒருங்கிணைப்பாளர் பூரித்துப்போனார்.

நான்காம் புதனின் தலைப்பு, ‘குழந்தை ஏன் பள்ளிக்கு வருவதில்லை’.

“சில பெற்றோர் இருக்காங்க” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “தங்களோட வேலைக்குப் பிள்ளைங்களை அனுப்பறாங்க. மனசாட்சி இல்லாதவங்க. நல்லவேளை, அப்படிப்பட்டவங்க இந்த அறைப்பக்கமே வர மாட்டாங்க.”

மடிப்பக்கா எழுந்து நின்றாள்.

“என் பொண்ணு இப்போ என் வேலையிலதாங்க நிக்கிறா. நான் இங்க உக்காந்திருக்கறதால. என்னைப் போகச் சொல்லுங்க, அவ பள்ளிக்கூடம் வந்துருவா.”

பஸ் டிரைவர்கூட விழித்துக்கொண்டார். ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“இதுதான் மனம் திறந்த பகிர்வு” என்றார். “நாலு வாரத்துல இப்படி ஒரு தாய் உருவாகியிருக்காங்க. எல்லாரும் கை தட்டுங்க.”

மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி ஒரு தட்டு.

பகிர்வைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாதல்லவா. வருகைப் பதிவேட்டைப் பார்த்தார்கள். நாலு புதன் வராதது நிஜம். அன்று மத்தியானமே பாப்பாவின் படம் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு ஏறியது. சிவப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் திட்டம் கூடுதல் அக்கறை காட்டும். அதாவது திங்கள், புதன், வெள்ளி.

“ஐயா, மூணு நாள் நான் வந்தா மூணு நாள் அவ வர மாட்டா” என்றாள் மடிப்பக்கா.

“அதனாலதாம்மா கூடுதல் அக்கறை தேவைப்படுது.”

“நான் வரலேன்னா?”

“திட்டத்துலேர்ந்து எடுத்துருவோம். அப்புறம் அவளுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்க யாருமே இல்லாம போயிருவாங்க.”

“இப்போ யாரு சொல்லிக் குடுக்கறாங்க?”

“பன்னிரண்டாவது வாரம் அது வருது. கடைசிப் பகுதி. கற்றல் உதவின்னு பேரு.” கையேட்டைத் திறந்து காட்டினார். நிஜமாகவே அப்படி ஒரு தலைப்பு இருந்தது. கீழே ஒரு பக்கம் வெறுமையாக விடப்பட்டிருந்தது.

அந்த வெற்றுப் பக்கத்தை நம்பித்தான் மடிப்பக்கா அடுத்த எட்டு வாரமும் போனாள். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுகுகிறவள் கையில் கிடைத்ததைப் பிடிக்காமல் என்ன செய்வாள்? ஒரு புதன்கிழமை, குழந்தையின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்று பாடம் நடந்தது. பக்கத்தில் இருப்பவரைக் குழந்தையாக நினைத்துக்கொண்டு கேட்கச் சொன்னார்கள். மடிப்பக்கா பஸ் டிரைவரின் குறட்டையை அரைமணிநேரம் கேட்டாள். அதே நேரத்தில் அவளுடைய குழந்தை நீராவியில் நின்றுகொண்டிருந்தது.

பாப்பாவுக்குக் கை பழகிவிட்டது. அதுதான் மடிப்பக்காவுக்குப் பொறுக்கவில்லை. முதல் வாரம் விரல் நுனியெல்லாம் கொப்புளம்; பெண் எண்ணெய் தடவிக்கொண்டு அழுதாள். ஆறாவது வாரம் கொப்புளம் காய்த்துத் தோல் தடித்துவிட்டது; பெண் அழவில்லை. அழுதபோதே தேவலையாக இருந்தது என்று அம்மாவுக்குத் தோன்றியது.

பதினொன்றாவது வாரம் ஒரு மாலை, கையேட்டின் பின்னட்டையை எடுத்துவந்து நீட்டினாள் பாப்பா.

“எட்டும்மா.”

“என்ன எட்டு?”

“x எட்டு. நானே கண்டுபிடிச்சேன். எதிர்ப்பக்கம் நிக்கற சித்தி சொல்லிட்டே இருக்காங்கல்ல, இந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கறியோ அந்தப் பக்கமும் அவ்வளவுதான் இழுக்கணும்னு. இதுவும் அதேதாம்மா. ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ரெண்டு x எடுத்துட்டேன். அப்புறம் ரெண்டு பக்கமும் பதினஞ்சு கூட்டினேன். மூணு x இருபத்தி நாலு. எட்டைத் திருப்பிப் போட்டுப் பாத்தா ரெண்டு பக்கமும் இருபத்தஞ்சு வருது. கோணவே இல்ல.”

வாத்தியார் நிறுத்திய இடத்துக்குக் கீழே நாலு வரிகள், சின்னச் சின்ன எழுத்தில். மடிப்பக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. மகளின் முகம் மட்டும் புரிந்தது. இனி அவளைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு கையும் தேவையில்லை, வகுப்பில் உட்காரவிட்டால் போதும் என்று தெரிந்தது. அன்று இருவரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

பன்னிரண்டாவது வாரம் கற்றல் உதவி நடக்கவில்லை. மேலதிகாரி பார்வையிட வருவதால் அதற்குப் பதிலாக நிறைவு விழா. மனம் திறந்த பகிர்வுக்காகச் சிறந்த பெற்றோர் சான்றிதழ் மடிப்பக்காவுக்கு என்று முடிவாகியிருந்தது. விழா தொடங்கும் முன் அவள் ஒருங்கிணைப்பாளரைத் தேடிப்பிடித்து, கையேட்டை நீட்டினாள்.

அவர் வாங்கிப் படித்தார். முதல் தரம் வேகமாக. பிறகு விரலை வைத்து ஒவ்வொரு வரியாக. அவர் முகத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, உள்ளேயிருந்து பழைய கணக்கு வாத்தியார் எட்டிப்பார்த்தார்.

“சரியா போட்டிருக்கா” என்றார் மெதுவாக. “சரிபார்த்துக்கூட வெச்சிருக்கா. நல்ல புத்தி.” பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்தார். “எந்த அமர்வுல கத்துக்கிட்டா? அறிக்கையில சேர்க்கணும்.”

“உருளையில கத்துக்கிட்டாங்க.”

“வாழ்க்கைத் திறன்னு போட்டுக்கறேன்” என்று எழுதிக்கொண்டார். “அந்தத் தலைப்புல நமக்கு ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு.”

மேலதிகாரி பெரிய மனிதர். மைக்கைக் கையில் வாங்கும்போதே கண்ணை மூடிக்கொண்டார். “நான் எத்தனையோ பள்ளிக்கூடம் பாத்திருக்கேன்” என்றார். “எங்க போனாலும் பிள்ளைங்க நிறைய இருக்காங்க, பெற்றோரைத்தான் காணோம். இங்க பெற்றோர் நிறைஞ்சு உக்காந்திருக்கீங்க. பிள்ளைங்க சத்தமே இல்ல. மனசுக்கு எவ்வளவு நிறைவா இருக்கு.” ஒன்பதாம் வகுப்பின் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை விட்டிருந்தார்கள்.

பிறகு அவர் பலகையின் முன்னால் வந்தார். “சிவப்புல எத்தனை பேரு?”

“யாருமே இல்ல சார்” என்றார் தலைமையாசிரியை. “தொடங்கும்போது நாலு பேரு, நடுவுல ஒன்பது. இப்போ ஒருத்தரும் இல்ல.”

மடிப்பக்கா சான்றிதழைப் பிடித்தபடி மேடையில் நின்றிருந்தாள். பலகை அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. சிவப்பில் படம் இல்லை. மஞ்சளில் தேடினாள். பச்சையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பாப்பா எங்கும் இல்லை.

“எம் பொண்ணு எங்கங்க?”

ஒருங்கிணைப்பாளர் அவள் காதருகே குனிந்தார். “லீவு சொல்லாம இருபத்தஞ்சு நாளுக்கு மேல வரலேன்னா பேரை நீக்கணும்மா. அது இந்தத் திட்டத்துக்கும் முந்தின விதி. திங்கட்கிழமையோட இருபத்தாறு ஆச்சு.”

“நீங்க வரச் சொன்னீங்கன்னுதானே நான் வந்தேன். நான் வந்ததாலதானே அவ வரல.”

“உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. உங்க வருகை நூறு சதவீதம்.”

“கணக்கு போட்டுட்டாளே. நீங்களே பாத்தீங்களே. நாளைக்கே கூட்டிட்டு வர்றேன்.”

“பேரு இல்லாத பிள்ளையை எப்படிம்மா சேர்க்கறது? அடுத்த வருஷம் புதுசா விண்ணப்பம் போடுங்க. எடுத்தவுடனே ஆபத்துப் பட்டியல்ல வெச்சுக்கறேன். அதுக்கு நான் பொறுப்பு.” அவருக்கு நிஜமாகவே வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல மனுஷன், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

மேலதிகாரி, அந்த அம்மா ஏன் அழுகிறார் என்று கேட்டார். ஆனந்தக் கண்ணீர் என்று தலைமையாசிரியை சொன்னார். கை தட்டினார்கள்.

சலவைக்கூடத்துக்கு அவள் திரும்பியபோது சூப்பர்வைசர் பாப்பாவுக்கு அடையாள அட்டை எழுதிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்துச் சித்தி வேலையை விட்டு ஊருக்குப் போகிறாள். கை பழகிய ஆள் எதிரிலேயே நிற்கும்போது அவர் வெளியே ஏன் தேட வேண்டும்?

“வேணாங்க. அவ படிக்கற பொண்ணு” என்றாள் மடிப்பக்கா. எந்தப் பள்ளியில் என்று அவர் கேட்டால் சொல்வதற்குப் பதில் இல்லை.

“வயசு எத்தனைம்மா?” என்று பாப்பாவிடம் கேட்டார் அவர்.

“பதினாலு.”

“பதினாறுன்னு போட்டுக்கறேன்.”

“ரெண்டு கூடுதுங்க.”

அவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். “உனக்குக் கணக்கு வராதுன்னுல்ல சொன்னாங்க?”

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. அதே தாள், அதே முத்திரை. மடிப்பக்காவின் கையில் ஈரம். எதிர்ப்பக்கத்திலிருந்து பாப்பாதான் வந்து பிரித்துப் படித்தாள்.

“உங்கள் குழந்தை இப்போது ஆபத்தில் இல்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். கோப்பில் உள்ள புகைப்படத்தை நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். புதன்கிழமை, காலை பத்து மணி.”

பாப்பா கடிதத்தை நாலாக மடித்தாள். மூலையோடு மூலை பிசகாமல் சேர்ந்தது. அதை ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு தன் பக்கம் போய் நின்றாள். உருளை சுற்றிக்கொண்டிருந்தது. கூடையிலிருந்து அடுத்த விரிப்பை எடுத்து ஒரு முனையை எதிர்ப்பக்கம் வீசினாள்.

“பிடிம்மா” என்றாள். “ரெண்டு பக்கமும் ஒண்ணா.”